கண்முன் எழும் புகார்

(ஆரணியில் நெசவாளர் அவையில் ஆற்றப்பெற்ற உரை)

    

கடல்கொண்ட காவிரிப்பூம்பட்டினம் மீண்டும் கண்முன் எழுமா? எழும் என்கின்றது இற்றை அறிவியல். மண்ணாலும் கல்லாலும் அன்று, ஒளியாலும் கணக்காலும்! தலையில் ஒரு கருவியை அணிந்துகொண்டு, இருந்த இடத்தில் இருந்தவாறே பழைய நகரத்தின் தெருவில் உலாவி வரும் புதுவகைச் சுற்றுலா உலகெங்கும் பரவி வருகின்றது. அதனை மெய்ந்நிகர் காட்சி என்பர். மெய்யன்று, மெய்க்கு நிகரானது. அந்த 'நிகர்' என்னும் சொல்லில்தான் அதன் ஆற்றல் அடங்கியுள்ளது. அதன் கேடும் ஒளிந்துள்ளது. புகாரை அவ்வாறு எழுப்புங்கால் அதற்குச் சான்று கூற வேண்டியவர் யார் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதற்கண் கருவியின் இயல்பு. மாந்தனின் இரு கண்களும் ஒரே காட்சியைக் காண்பதில்லை. ஒரு விரலை முகத்தின் முன் நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். இவ்விரு காட்சிகளையும் மூளை ஒன்றாக்கும்போதுதான் ஆழம் நன்கு புலப்படுகின்றது. இவ்வுண்மையை 1838-இல் இங்கிலாந்து அறிஞர் சார்லசு வீட்சுடன் ஒரு கருவியால் மெய்ப்பித்தார். தட்டையான இரு படங்களைத் தனித்தனியே இரு கண்களுக்கும் காட்டித் திரட்சியுள்ள ஒரே பொருளாகத் தோன்றச் செய்தார். 1968-இல் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாண்டு, தலை திரும்பத் திரும்பக் காட்சியும் மாறும் கருவியை அமைத்தார். இற்றைக் கருவிகள் பல, நொடிக்கு 90 முறை படத்தைப் புதுப்பிக்கின்றன. தலை முந்திக் காட்சி பிந்துமாயின் பார்ப்பவர்க்குத் தலை சுற்றும். கண்ணை ஏமாற்றுவதற்கு அத்துணை விரைவு வேண்டியுள்ளது!

இவ்வளவு கணக்கையும் செய்வது கணிப்பொறி. அது நெசவாளர்க்கு அயலானது என்று எண்ண வேண்டா. பட்டுச் சேலையின் கரையிலும் முன்தானையிலும் பூ எழத் தறியின் மேல் ஏற்றப்படும் சக்கார்டுப் பெட்டியை இவ்வூர் நன்கறியும். அட்டையில் துளை உள்ள இடத்தில் இழை எழும். துளை இல்லாத இடத்தில் இழை எழாது. பிரான்சு நாட்டு இலியோன் நகரத்துச் சக்கார்டு என்பார் 1804-இல் பட்டு நெசவுக்கென்றே அமைத்த முறை அது. அத்துளையட்டையைக் கண்டுதான் சார்லசு பாபேசு என்னும் அறிஞர், 1837-இல் தாம் வரைந்த கணக்குப் பொறிக்கு அட்டையால் கட்டளையிடும் வழியை வகுத்தார். துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே நிலைகளால் மலரையும் மயிலையும் நெய்த அறிவுதான், இன்று ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளால் ஒரு நகரத்தையே நெய்கின்றது!

இனி, உலகம் இக்கருவியை எங்ஙனம் பயன்கொண்டது என்று காண்போர்க்கு உரோமை நகரம் நல்ல எடுத்துக்காட்டு. பெர்னார்டு பிரிசர் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் 1996-இல் தொடங்கி, கி.பி. 320-ஆம் ஆண்டில் உரோமை எவ்வாறு இருந்திருக்கும் என்பதைக் கணிப்பொறியில் அமைத்து, 2007-இல் உலகிற்கு வெளியிட்டனர். ஏறத்தாழ 7,000 கட்டடங்கள் அதில் உள. அவற்றுள் சான்றுகளால் நன்கறியப்பட்டவை ஒருசிலவே. எஞ்சிய வீடுகளும் கடைகளும் இன்ன வகையின எனக் கருதி அமைக்கப்பட்டவை. இவ்வேறுபாட்டை அவர்கள் மறைக்கவில்லை. அறிந்தது ஒரு வகை, கருதியது மற்றொரு வகை எனப் பிரித்தே வைத்தனர். அதே நகரத்தில், மண்மூடிக் கிடந்த நீரோ மன்னனின் பொன்மாளிகையுள், 2017 முதல் மெய்ந்நிகர்க் கருவி வைக்கப்பட்டது. இருண்ட நிலவறையில் அமர்ந்து கருவியை அணிந்தவுடன், மண் விலகி, சுவரோவியம் ஒளிர்ந்து, தோட்டத்து வெயில் உள்ளே பாய்வதைப் பார்வையாளர் காண்கின்றனர். இடிபாட்டின் நடுவே நின்றே இழந்ததைக் காண்கின்றனர்.

இந்தியாவில் இம்முயற்சி விசயநகரத் தலைநகராகிய அம்பியில் தொடங்கியது. நடுவணரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை அந்நகரை எண்ணிம வடிவில் அமைக்கும் திட்டத்தை முடித்தபின், அடுத்து எடுத்துக்கொண்டது பூம்புகார். பாரதிதாசன் பல்கலைக்கழகமும், கோவா தேசியக் கடலியல் நிறுவனம் முதலிய பிறவும் இணைந்து, செயற்கைமதிப் படங்களாலும் கடலடி ஆய்வாலும் புகாரின் வரலாற்றை மீட்டமைக்கும் என்று 2020-இல் அறிவிப்பு வந்தது. ஆகவே, புகார் எழுமா என்பது இன்று வினாவன்று. எந்தப் புகார் எழும் என்பதே வினா.

இதற்கு முன்னும் தமிழர் புகாரை ஒருமுறை எழுப்பியதுண்டு. 1973-இல் பூம்புகார்க் கடற்கரையில் எழுநிலை மாடமாகச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் கட்டப்பட்டது. கண்ணகி வரலாறு கற்சிற்பங்களாக அதன் சுவர்களில் அமைந்தது. அதைக் காண்போர் அது பழம்புகார் என்று மயங்கார். பிற்காலத்தார் எடுத்த நினைவுக்கூடம் என்று அறிவர். கல் தன் வயதைத் தானே சொல்லிவிடும். ஒளி அவ்வாறு சொல்லாது. மெய்ந்நிகர்க் கருவியை அணிந்த சிறுவன் தான் கண்டதே புகார் என்று நம்பிவிடுவான். அந்நம்பிக்கைக்கு விடை கூறும் பொறுப்பு யாருடையது?

புகாரைப் பற்றித் தமிழுலகம் அறிந்தவை மூவகைப்படும். முதலாவது, மண்ணும் கடலும் தந்தவை. 1960-களில் தொடங்கிய அகழாய்வில் கிழார்வெளி என்னும் இடத்தில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. படகுகளைக் கட்டுதற்கு நட்ட மரத்தூண்களின் அடிப்பகுதியும் கிடைத்தது. அம்மரம் கரிமக் கணிப்பின்படி கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. வானகிரியில் நீர்த்தேக்கமும், பல்லவனேச்சுரத்தில் புத்தப் பள்ளியும் வெளிப்பட்டன. 1981 முதல் கடலடி ஆய்வும் நடைபெற்றது.

இரண்டாவது, நூல் கூறுபவை. கடலோரம் மருவூர்ப்பாக்கம், அகநகர் பட்டினப்பாக்கம், இடையே மரநிழலில் நாளங்காடி. இரவில் கூடுவது அல்லங்காடி. கடல்வழி வந்த குதிரையும், நிலவழி வந்த மிளகு மூடையும், குடமலை அகிலும், தென்கடல் முத்தும், ஈழத்து உணவும் குவிந்து கிடக்க, அவற்றின்மீது புலிப்பொறி இட்டுச் சுங்கங் கொண்ட காவலரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. சிலப்பதிகாரமோ மருவூர்ப்பாக்கத்தில் பட்டாலும் மயிராலும் பருத்தி நூலாலும் நுண்ணிய வேலை செய்யும் காருகரின் தெருவைத் தனியே எடுத்துச் சொல்கின்றது. காருகர் என்பார் யாவர்? நெசவாளர்! அரசர் தெருவையும் வணிகர் தெருவையும் சொன்ன இளங்கோவடிகள் நெசவாளர் தெருவை மறவாமல் சொன்னார்.

மூன்றாவது, மண்ணிலும் கிடைக்காமல் நூலிலும் இல்லாமல் கருதிக்கொள்ள வேண்டியவை. காருகர் தெருவின் அகலம் என்ன? தறி வீட்டினுள் இருந்ததா, திண்ணையில் இருந்ததா? சாயம் ஏற்றிய இடம் எது? இங்கேதான் பிற இடத்துச் சான்றுகள் துணைக்கு வருகின்றன. அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது வெளிப்பட்ட செங்கல் தொட்டிகள் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டவையாகலாம் எனக் கருதப்பட்டன. உறையூரிலும் அத்தகைய தொட்டி கிடைத்தது. கீழடியில் நூல் நூற்கும் தக்களிகளும், நெசவில் பூ வேலைக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய கூர்முனை எலும்புக் கருவிகளும் கிடைத்தன; 2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் அவ்வூரின் நெசவுச் சான்றுகளைப் பற்றி அறியலாம்.

இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்து ஒரே வண்ணம் பூசினால் அது வரலாறு ஆகாது, திரைப்படம் ஆகும். ஓவியம் வரைபவர் ஊரறியாதவராயின் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். நாளங்காடியில் மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் குவித்து வைப்பார். அவை மூன்றும் அமெரிக்க நிலத்துப் பயிர்கள். 1492-இல் கொலம்பசு கடல் கடந்த பின்னரே இப்பக்கம் வந்தவை. ஊர் நடுவே விண்முட்டும் கோபுரம் நிறுத்துவார். அத்தகைய கோபுரங்கள் பிற்காலச் சோழர் நாளிலும் அதன் பின்னும் எழுந்தவை. காருகர் தெருவில் கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிடும் தறியை வைப்பார். அம்முறையை இங்கிலாந்தில் சான் கே என்பார் கண்டது 1733-இல். மேலே சக்கார்டுப் பெட்டியையும் ஏற்றிவிட்டால் கோவலன் காலத்துக்கும் 1804-க்கும் உள்ள தொலைவு ஒரே நொடியில் அழிந்துபோம்! முதற் பிழையைப் பயிரறிந்தவர் காண்பார். இரண்டாவதைக் கல்வெட்டறிந்தவர் காண்பார். மூன்றாவதைக் கண்டு சிரிக்கத் தக்கவர் ஆரணி நெசவாளரே. ஆனால், அவரை யார் கேட்டனர்?

பிழை அறியாமையால் மட்டும் வருவதன்று. பெருமித வேட்கையாலும் வரும். இதனைத் தமிழன்பர் தம் நெஞ்சில் கைவைத்து எண்ணுதல் வேண்டும். இல்லாத மாளிகையைக் கட்டி, அறியாத ஆண்டை ஏற்றி, உலகிற்கே முதல் நகர் என்று ஒளியால் எழுதிவிடலாம். கைதட்டல் கிடைக்கும். நாளை ஓர் ஆராய்ச்சியாளர் அதில் ஒரு பொய்யைக் காட்டுவாராயின், செங்கல் துறையாகிய மெய்யும் அதனோடு சேர்ந்து ஐயத்திற்கு உள்ளாகும். மெய்யே போதிய பெருமை உடைய இனத்திற்குப் பொய் எதற்கு? ஆகலின், மண்ணில் கண்டது, நூல் சொன்னது, கருதிக்கொண்டது என்னும் மூன்றையும் மூன்று நிறத்தால் பிரித்துக் காட்டுதல் வேண்டும். பார்ப்பவர் ஒரு சுவரைத் தொட்டால் 'இது எவ்வகைச் சான்று' என்று அச்சுவரே சொல்லுதல் வேண்டும்.

எம்மொழியில் சொல்லும்? இது அடுத்த வினா. அங்காடி என்ற சொல்லைப் புகாரே தந்துள்ளது. கலம், வங்கம், நாவாய் என மரக்கலத்திற்குப் பல சொற்கள் உள. அவ்வூரையே காட்டும் கருவி அச்சொற்களை விட்டுவிட்டு வேற்றுச் சொல்லால் பேசுமாயின், ஊரை எழுப்பி அதன் நாவை அறுத்தது போலாகும். அயல்நாட்டார்க்கு அவரவர் மொழியில் விளக்கம் இருக்கட்டும், அதில் தடையில்லை. ஆயினும் முதற்குரல் தமிழாதல் வேண்டும். பாவு, ஊடை, விழுது, அச்சு என்னும் தறிச்சொற்களை அதற்குள் வைக்கத் தக்கவரும் தறியில் இருப்பவரே.

"இஃது ஒரு விளையாட்டுப் பொருள், நூலைப் படித்தால் போதாதா?" என்று கேட்பாரும் உளர். கேள்வி ஞாயமானதே. நூலைப் படியாமல் கருவியை மட்டும் அணிபவன் கனவு கண்டவனை ஒப்பான், கழற்றியதும் மறப்பான். ஆனால், ஒருமுறை நாளங்காடியில் நின்று வந்த சிறுமி, 'அந்த மிளகு மூடை எங்கிருந்து வந்தது' என்று கேட்பாளாயின், அவளிடம் பட்டினப்பாலையை எடுத்துக் கொடுக்கலாம். சேலை முடியும்வரை தறியை விட்டு நகர இயலாத நெசவாளர்க்கும், நடக்கவியலாத முதியவர்க்கும், புகாரை வீட்டுக்கே கொண்டுவரும் வண்டியாகவும் அது பயன்படும். வண்டி நூலுக்கு மாற்றன்று. நூலுக்கு இட்டுச் செல்லும் வழி.

புகார் தொலைவில் உள்ளது. படைவீடு அருகில் உள்ளது. சவ்வாது மலையடியில், கமண்டல நாகநதிக் கரையில், சம்புவராயர் தலைநகராக விளங்கிய ஊர் அது. 14-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் விசயநகரக் குமார கம்பணன் அவர்களை வென்றான். இன்று வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் இடையே கோயில்கள் நிற்கின்றன. அந்த ஆறே ஆரணிக்கும் வருகின்றது. படைவீட்டின் கல்வெட்டையும், கோட்டைச் சுவரையும், சத்தியவிசயநகரத்து அரண்மனையையும் எண்ணிம வடிவில் பதிந்து வைக்கப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஒரு பொருளைச் சுற்றிவந்து பல பக்கங்களினின்றும் ஒளிப்படம் எடுத்தால், கணிப்பொறி அவற்றை இணைத்து முழுவுருவாக்கித் தரும். கைப்பேசியே அதற்குத் தொடக்கக் கருவியாகப் போதும். பள்ளி மாணவர் ஒரு விடுமுறையில் ஒரு மண்டபத்தைப் பதியலாம்.

எல்லாவற்றினும் முந்திச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் கைத்தறியும் விசைத்தறிக்கு இடம் கொடுத்து வருகின்றது. கைத்தறி நெய்யும் முதியவரின் கால் எந்த மிதியை எப்போது அழுத்துகின்றது, கை அறுந்த இழையை எங்ஙனம் முடிகின்றது, ஒவ்வோர் உறுப்பையும் அவர் எச்சொல்லால் அழைக்கின்றார் என்பவற்றை இன்றே பதிந்து வைத்தல் வேண்டும். புகாரின் காருகர் தெருவிற்கு ஒரே ஒரு நூற்சான்றுதான் எஞ்சியது போல, ஆரணியின் நெசவுத் தெருவிற்கும் ஒற்றை வரியே எஞ்சுமாறு விட்டுவிடலாகாது. நூறாண்டு கழித்து ஒருவன் அக்கருவியை அணிந்து இத்தெருவில் நடப்பானாயின், அவன் கேட்கும் தறியோசை கருதிக்கொண்டதாக இல்லாமல் கண்டதாக, கேட்டதாக இருக்கட்டும். அந்தச் சான்றைத் தரக்கூடியவர்கள் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர்.

வாழ்க நெசவு! வாழ்க தமிழ்!