தச்சர் வீட்டுக் கவிஞர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பயணம் குறித்துப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு ஊருக்கு ஓரிரவு எனச் செல்லும் பயணத்தில் எதனையும் முழுமையாகக் கண்டுவிட இயலாது. ஆதலின் பல ஊர்களை அடுக்காமல் ஓர் ஊரை, அதிலும் ஒரு வீட்டை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன்.

செருமனியின் தென்மேற்கே, ஸ்டுட்கார்ட் நகரிலிருந்து இரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில், நெக்கர் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது ட்யூபிங்கன். 1477இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகமே அவ்வூரின் உயிர். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சிலிருந்து பெரிதும் தப்பியமையால், மரச்சட்டங்கள் வெளியே தெரியும் பழைய வீடுகள் சரிவுகளில் இன்றும் நெருங்கி நிற்கின்றன. கல் பாவிய ஏற்றத் தெருக்களில் பைச்சுமையோடு நடப்பவர்க்கு அவற்றின் அழகு சற்றுத் தாமதமாகத்தான் புலப்படும்! பதிப்பாளர் கோட்டாவின் வீட்டில், 1797இல் கோதே அங்குத் தங்கியதைக் கூறும் பலகை உள்ளது. அடுத்திருக்கும் மாணவர் விடுதியிலோ, கோதே இங்கே வாந்தியெடுத்தார் என்று ஒரு குறும்புப் பலகை! பெருங்கவிஞரை நினைவுகூரும் முறைதான் எத்தனை வகை!

நான் கூற வந்த வீடு ஆற்றோரத்தில் மஞ்சள் வண்ணத்தில் நிற்கும் வட்டக் கோபுர வீடு. கவிஞர் ஹோல்டர்லின் (1770–1843) தம் வாழ்வின் பிற்பாதியாகிய 36 ஆண்டுகளைக் கழித்த இடம் அது. இளமையில் அவ்வூரின் ஸ்டிஃப்ட் என்னும் இறையியற் கல்லூரியில் ஹெகலோடும் ஷெல்லிங்கோடும் பயின்றவர் அவர். 1806இல் மனநிலை குலைந்தவராய் அதே ஊரின் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். ஏழு மாதங்களுக்கு மேல் சிகிச்சை அளித்தும் பயனில்லை. இன்னும் மூன்றாண்டுகள் உயிரோடிருந்தால் பெரிது எனக் கருதி மருத்துவர்கள் அவரை விடுவித்தனர்.

அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டவர் எர்ன்ஸ்ட் சிம்மர் என்னும் தச்சர். உறவினர் அல்லர், உடன் பயின்றவரும் அல்லர். ஹோல்டர்லின் எழுதிய 'ஹைப்பீரியன்' என்னும் புதினத்தைப் படித்து மனம் பறிகொடுத்தவர். அந்த ஒரு நூலே இருவர்க்கும் உறவு. வாசகர் இல்லையே என்று நாம் நம் கூட்டங்களில் வருந்துவதுண்டு. எண்ணிக்கையைக் கருதியே வருந்துகின்றோம். ஹோல்டர்லினுக்கு வேளைதோறும் உணவும், குளிர்காலத்தில் சூடான அறையும், நோயில் துணையும் தந்தது ஒரே ஒரு வாசகரின் வீடு.

இதனை வெறும் அருட்செயலாகப் புனைந்துரைக்க நான் விரும்பவில்லை. பராமரிப்புக்குப் பணம் வந்தது. அரசு ஆண்டுக்கு 150 குல்டன் உதவித்தொகை வழங்கியது. தாயும் செலவுக்கு அனுப்பினார். ஆனால் அத்தாய் அந்த வீட்டிற்கு வந்து மகனைப் பார்த்ததாகச் சான்று இல்லை. மகன் எவ்வாறிருக்கிறான் என்பதைத் தச்சரின் கடிதங்களே அவர்க்கு உரைத்தன. 1838இல் சிம்மர் மறைந்தபின் அவர் மகள் லோட்டே இறுதிவரை கவிஞரைப் பேணினார். இலக்கிய வரலாற்றில் இப்பெண்மணிக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கொடுப்போர் அரியர் என்பதனை இவ்விடத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

கோபுர வீட்டிற்கு வந்தோர் பாடல் கேட்டால் கவிஞர் எழுதித் தருவார். வந்தவர் எவராயினும் மன்னரே, மேன்மை தங்கியவரே என்று விளித்து எட்டவே நிறுத்துவார். பாடலின் கீழே ஸ்கார்டனெல்லி என்று கையொப்பமிடுவார். நாளும் பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும். அவர் காணவே வாய்ப்பில்லாத 1940ஆம் ஆண்டைக்கூட ஒரு பாடலின்கீழ்க் குறித்துள்ளார்! வேனிலும் கூதிரும் மாறிமாறி வரும் அச்சிறு பாடல்களில் 'நான்' என்னும் சொல் அரிதாகவே தலைகாட்டுகிறது. அவற்றைப் பித்தரின் பிதற்றலென நெடுங்காலம் ஒதுக்கினர். அவர் பித்தரே அல்லர் என்று 1978இல் பிரெஞ்சு அறிஞர் பெர்த்தோ வாதிட்டார். அம்முடிவு எனக்கு முழுதும் உடன்பாடன்று. ஆயினும் அப்பாடல்களின் அமைதியை நோய் என்று மட்டும் கூறி ஒதுக்குதல் திறனாய்வாகாது.

இன்று நாம் காணும் கோபுரம் அவர் வாழ்ந்த கட்டடமன்று. அது 1875இல் எரிந்துபோக, மீண்டும் எழுப்பியதே இப்போதுள்ளது. சாளரத்துக்கு வெளியே ஆறு மட்டும் அதே ஆறு. எதிர்த் தீவில் 1820களில் நடப்பட்ட மரவரிசை ஓங்கி வளர்ந்துள்ளது. அதன் நிழலில், நீண்ட கழியூன்றி மாணவர்கள் படகு செலுத்துகின்றனர்.

1812 ஏப்ரலில் சிம்மர் அத்தாய்க்கு எழுதிய கடிதமொன்றைக் குறிப்பிட வேண்டும். தச்சரிடத்தில் ஒரு கோயிலின் வரைபடத்தைக் கண்ட ஹோல்டர்லின், அதனை மரத்தில் செய்து தருமாறு கேட்டாராம். உணவுக்காக உழைக்க வேண்டியவன் நான், உம்மைப்போல் மெய்யியல் அமைதியில் வாழும் பேறு எனக்கில்லை என்றாராம் சிம்மர். ஐயோ, நானும் ஏழைதானே என்று விடையிறுத்த கவிஞர், அந்நொடியே பென்சிலை எடுத்து ஒரு பலகையின்மீது நான்கடிப் பாடல் ஒன்றை எழுதினார். அந்நான்கடிகளையும் சிம்மர் தம் கடிதத்தில் படியெடுத்து அனுப்பினார். ஹோல்டர்லின் தொகுப்புகளில் அப்பாடலை நாம் படிப்பது அக்கடிதத்தின் வழியேதான்.