இலவச நிலம், யாருடைய நிலம்?

கவ்பாய் படங்களில் மேற்கே போகிறவன் எப்பவும் தனி ஆள். ஒரு குதிரை, ஒரு துப்பாக்கி. ஆனா அமெரிக்காவோட மேற்குப் பகுதிக்குக் குடியேறப் போனவங்கள்ல நிறைய பேர் குடும்பத்தோட போனவங்க. அவங்க தேடினது சாகசம் இல்லை, சொந்த நிலம்.

1862 மே 20. உள்நாட்டுப் போருக்கு நடுவில் ஆபிரகாம் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். கட்டணம் மொத்தமே சுமார் 18 டாலர். 5 வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செஞ்சா 160 ஏக்கர் உங்களுக்கு! கல்யாணம் ஆகாத பெண்களும் விண்ணப்பிக்கலாம். குடியுரிமை வாங்கப் போறேன்னு எழுதிக் கொடுத்த வெளிநாட்டுக்காரங்களும் விண்ணப்பிக்கலாம்.

நார்வேயை எடுத்துக்கோங்க. எங்க பார்த்தாலும் மலை, உழுற நிலம் கொஞ்சம்தான். அங்கே அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்கிறவருக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? ரயில் கம்பெனிகளும் சும்மா இல்லை. தண்டவாளம் போடறதுக்காக அரசு கொடுத்த நிலம் அவங்க கையில் ஏராளம். அதை விற்கணும், ரயிலில் சரக்கு ஏத்த விவசாயிகளும் வேணும். அதனால ஐரோப்பா முழுக்க விளம்பரம் பண்ணினாங்க.

சிலருக்கு ஆசையை விட பயம்தான் பெரிய காரணம். அடிமைமுறை ஒழிஞ்ச பிறகும் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் மேல வன்முறை தொடர்ந்தது. 1879-ல் ஆயிரக்கணக்கானவங்க அங்கிருந்து கான்சாஸுக்குக் கிளம்பினாங்க.

போய்ச் சேர்ந்தா? மரமே இல்லாத புல்வெளி. புல் வேரோட மண்ணை வெட்டியெடுத்து, அதையே செங்கல் மாதிரி அடுக்கி வீடு கட்டினாங்க. கலப்பை, மாடு, விதை, கிணறு எல்லாத்துக்கும் காசு வேணும். மழை பொய்க்கும். 1874-ல் வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரையே தின்னு தீர்த்துச்சு. 5 வருஷம் தாக்குப்பிடிக்க முடியாம நிறைய பேர் விட்டுட்டுப் போனாங்க.

சரி, அந்த நிலம் யாரோடது? 1889 ஏப்ரல் 22, ஓக்லஹோமா. நண்பகலில் சைகை கொடுத்ததும் சுமார் 50,000 பேர் இடம் பிடிக்க ஓடினாங்க. 1830-களில் கிழக்கே வாழ்ந்த பூர்வகுடிகளை அரசு துரத்தி, "இனி இது உங்களுக்கு"ன்னு வாக்குக் கொடுத்து அனுப்பின பகுதிக்கு நடுவில்தான் அந்த நிலம் இருந்தது.

குடியேறினவங்க பலரும் ஏழைங்கதான், அவங்க கஷ்டமும் நிஜம்தான். ஆனா அரசு இலவசமா கொடுத்த நிலத்துக்கு, அதுக்கு முன்னாடியே வேற யாரோ விலை கொடுத்திருந்தாங்க.