பழைய காரின் பிறவிக் காபரேற்றர்

பழைய மோட்டார்க் கார் ஒன்றை வாங்கி அதனை முன்னைய நிலைக்கே கொண்டுவர விரும்புவோர் முதலிற் கவனிப்பது வர்ணத்தையும் ஆசனங்களையுமே. எஞ்சின் மூடியின் கீழ் இருந்து, பெற்றோலையும் காற்றையும் உரிய அளவிற் கலந்து ஊட்டுகின்ற காபரேற்றர் அந்த வண்டியுடன் பிறந்ததுதானா என்று வினவுவோர் சிலரே. இத்தனை ஆண்டுகளில் எத்தனை கைகள் அதனைக் கழற்றியிருக்கும்! கிடைத்ததைப் பூட்டி வண்டியை ஓடச்செய்தவர்களைக் குறைகூறுவதற்கில்லை. வண்டி ஓட வேண்டுமே.

இலங்கைத் தெருக்களில் இன்றும் காணக்கூடிய மொறிஸ் மைனரை நேயர்கள் நினைத்துப் பார்க்கலாம். 1952ஆம் ஆண்டில் ஒஸ்டின் கம்பனியும் மொறிஸைச் சேர்ந்த நபீல்ட் நிறுவனமும் ஒன்றாயின. அதன் பயனாக, ஒஸ்டின் ஏ30 காருக்கென ஆக்கப்பட்ட 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மைனரிலும் இடம்பெற்றது. எஞ்சின் ஒன்று, காபரேற்றரோ இரண்டு. ஒஸ்டினில் ஸெனித், மைனரில் எஸ்.யூ. இதில் வியப்பில்லை. எஸ்.யூ. கம்பனியை வில்லியம் மொறிஸ் 1926இலேயே வாங்கிவிட்டார். 1956இல் எஞ்சின் 948 ஆகப் பெருத்தபோதும், ஒஸ்டின் ஏ35 ஸெனித்தையும் மைனர் 1000 எஸ்.யூ.வையும் விடவில்லை. ஆங்கிலேயரின் சிறிய கார் என்றால் எஸ்.யூ.தான் என்று நம்பி, ஏ30 வண்டியிலிருந்த ஸெனித்தைக் கழற்றி எறிபவர், தாம் தேடிய பொருளையே தொலைத்துவிடுகிறார்.

எஸ்.யூ. என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த எஸ்.யூ. என்பதே கடினமான வினா. 803 எஞ்சினுக்குரியது எச்.1. 948 முதலிற் பெற்றது எச்.2. 1962இல் வந்த 1098 எஞ்சினுக்கு எச்.எஸ்.2. எழுத்தை அடுத்துள்ள எண், காற்றுவழியின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு மேல் எத்தனை எட்டிலொரு பங்கு என்பதைக் குறிக்கும். எச்.1 எனில் 1⅛ அங்குலம், எச்.2 எனில் 1¼ அங்குலம். எச்.2, எச்.எஸ்.2 இரண்டும் விட்டத்தில் ஒன்றே. மிதவைக் கிண்ணத்திலிருந்து பெற்றோற் துவாரத்தின் அடிக்கு வளையும் மெல்லிய நைலோன் குழாய் ஒன்று சென்றால், அது எச்.எஸ். வகை. பார்த்த மாத்திரத்திற் சொல்லக்கூடிய அடையாளம் இது.

உடலில் வார்க்கப்பட்டிருக்கும் எண்ணைக் கண்டு மகிழ்வோர் பலர். அது வார்ப்பின் எண்ணேயன்றி வேறில்லை. ஒரே வார்ப்பு பல கார்களுக்குப் போயிருக்கும். எந்தக் காருக்கென ஒழுங்கு செய்யப்பட்டது என்பதைச் சொல்வது, மிதவைக் கிண்ண மூடியின் ஆணியில் மாட்டப்பட்ட சிறு உலோகத் தகடு. அதிலுள்ள எண்ணைக் கம்பனியின் பட்டியலோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். விரலளவான அத்தகட்டைக் கழற்றிய எவரோ திரும்ப மாட்ட மறந்திருப்பார். பெரும்பாலான வண்டிகளில் அது இல்லை.

தகடு இல்லாதபோது ஊசியைப் பார்க்க வேண்டும். பெற்றோற் துவாரத்துள் ஏறி இறங்கும் கூம்பிய ஊசியின் தடித்த முனையிற் பொறித்துள்ள எழுத்துக்களே அதன் பெயர். ஊசிகளுக்கிடையேயுள்ள வித்தியாசம் அங்குலத்தின் ஆயிரத்திலொரு கூறுகளிலேதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, எஞ்சினுக்கு அப்படியல்ல. தவறான ஊசி பெற்றோலைக் குறைத்துவிட்டால், மலையேற்றத்தில் எஞ்சின் சூடேறி, வெளியேற்று வால்வு கருகிவிடும். ஆயினும் ஊசியும் மாற்றப்பட்டிருக்கலாமாதலால், அதை மட்டும் சாட்சியாகக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. உடலின் வகை, விட்டம், வண்டியின் ஆண்டு ஆகியவையும் அதனோடு பொருந்தவேண்டும்.

பழைய உதிரிப்பாகங்களிடையே தேடுவோர் இன்னுமொன்றை அறிந்திருத்தல் நல்லது. மேலேயுள்ள மணிபோன்ற கலமும் அதனுள் அசையும் பிஸ்டனும் தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்து இணைக்கப்பட்டவை. ஒன்றின் கலத்தில் மற்றொன்றின் பிஸ்டனை இட்டால், அது இறுகி நிற்கும், அல்லது காற்றை ஒழுகவிடும். எனவே அனுபவமுள்ள மெக்கானிக் இரண்டு காபரேற்றர்களை ஒரே மேசையில் ஒரே நேரத்திற் கழற்றமாட்டார்.