சோபாவில் உட்கார்ந்திருக்கும் நடுவர்கள்

(குடியரசு தினத்தன்று மாலை நம் சமுதாயக் கூடத்தில், குழந்தைகளின் பாட்டு நிகழ்ச்சிக்கு முன்பு பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்தில் தருகிறேன்.)



செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். "சார், நீங்கதான் டிவி பாட்டுப் போட்டியெல்லாம் ஒண்ணு விடாம பார்ப்பீங்களே, அதைப் பத்திப் பேசுங்க" என்றார். அது பாராட்டா, கிண்டலா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. நான் சங்கீத வித்வான் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். ஆனால் 2006-இல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் ஆரம்பித்ததிலிருந்து பெரியவர்கள் போட்டி, ஜூனியர் போட்டி இரண்டையும் பார்த்துவருகிறேன். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

உங்கள் வீட்டிலும் இதேதான் நடக்கும் என்று நினைக்கிறேன். டிவியில் மூன்று நடுவர்கள் இருப்பார்கள். எங்கள் வீட்டு சோபாவில் நாங்கள் மூன்று பேர். என் மாமியார், என் மனைவி, நான். அங்கே ஸ்ரீனிவாஸோ சுஜாதாவோ வாயைத் திறப்பதற்குள் இங்கே தீர்ப்பு வந்துவிடும். "நல்லா இல்ல." "போன வாரம் மாதிரி வரல." "இந்தப் பொண்ணை எப்படி இத்தனை நாள் வச்சிருக்காங்க?" பாடுபவர் பல மாதம் உழைத்துத் தயாரித்த பாட்டை நாங்கள் காபி ஆறுவதற்குள் முடித்துவைத்து விடுவோம்.

வங்கியில் ஒரு செக் வந்தால் அப்படிச் செய்ய முடியாது. தேதி சரியா, எழுத்தில் இருக்கும் தொகையும் எண்ணில் இருக்கும் தொகையும் ஒன்றா, கையெழுத்து சரியா, கணக்கில் பணம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று இடித்தால் செக்கைத் திருப்பலாம். ஆனால் சும்மா திருப்ப முடியாது. கூடவே ஒரு மெமோ வைக்க வேண்டும். அதில் காரணம் இருக்க வேண்டும். "நல்லா இல்ல" என்று எழுதி எந்த செக்கையும் நான் திருப்பியதில்லை.

ரிட்டயர் ஆன பிறகுதான் அந்தப் பழக்கத்தைப் பாட்டுக் கேட்பதிலும் கொண்டுவந்தேன். எனக்குத் தெரிந்த அளவில் நாலைந்து விஷயம் பார்க்கலாம். சுருதி சேர்கிறதா, தாளம் நிற்கிறதா, வார்த்தை தெளிவாக விழுகிறதா, பாட்டின் பாவம் வருகிறதா. ழகரம், ளகரம் பற்றி என் மாமியார் கையில் மாட்டிக்கொண்டவர்கள் பலர். ஐந்தாவதாக ஒன்று, பாட்டுத் தேர்வு. இதில்தான் நாம் ஏமாறுவோம். நமக்கு உயிரான ஒரு இளையராஜா பாட்டை ஒருவர் எடுத்தால், முன்னிசை வந்தவுடனேயே நம் கண் கலங்கிவிடுகிறது. அது அந்தப் பாட்டின் மேல் நமக்கு ஏற்கெனவே இருக்கும் ஓப்பனிங் பேலன்ஸ். பாடுகிறவர் இன்றைக்கு எவ்வளவு வரவு வைத்தார் என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கைதட்டல். மேல் ஸ்தாயியில் ஒருவர் நீட்டிப் பிடித்தால் அரங்கமே எழுந்து நிற்கும். கீழ் ஸ்தாயியில் காற்று சிந்தாமல், வார்த்தை கரையாமல் ஒருவர் பாடினால் யாரும் தட்ட மாட்டார்கள். அதுவும் லேசான காரியம் இல்லை. நீங்கள் அடுத்த தடவை கேட்கும்போது பல்லவியை விட்டுவிட்டு இரண்டாவது சரணத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தைக் கவனியுங்கள். மூச்சு தீர்ந்துபோய் சுருதி கொஞ்சம் இறங்குகிறதா, இல்லை கடைசி எழுத்து வரைக்கும் நிற்கிறதா என்று அங்கேதான் தெரியும்.

இப்படியெல்லாம் கேட்டுவிட்டு நான் சரியாகத்தான் மார்க் போட்டேனா என்றால், இல்லை. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

2011-இல் மூன்றாவது சீசன். எங்கள் வீட்டில் எல்லோரும் சத்யபிரகாஷ் பக்கம். சங்கதிகள் அவ்வளவு சுத்தம். எங்கள் வீட்டிலிருந்தே நாலு போனிலிருந்து ஓட்டுப் போனது. பட்டம் சாய்சரணுக்குப் போயிற்று. சாய்சரண் குறைந்தவர் இல்லை. மேடையில் பயமில்லாமல் நின்று கூட்டத்தைக் கையில் பிடித்துக்கொள்ளும் தெம்பு அவரிடம் இருந்தது. ஆனாலும் எங்கள் வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அந்தப் பையன் வாழ்க்கையே போச்சு" என்றார் மாமியார். போகவில்லை. 2016-இல் 'அச்சம் என்பது மடமையடா' படத்தில் 'ராசாளி', அடுத்த வருஷம் 'காற்று வெளியிடை'யில் 'நல்லை அல்லை', 'மெர்சல்' படத்தின் 'ஆளப்போறான் தமிழன்' பாட்டில் ஒரு குரல். மூன்றும் ஏ.ஆர்.ரஹ்மான் இசை. பட்டம் கிடைக்காதவர்தான் இத்தனையும் பாடினார்.

இரண்டாவது, 2018. ஆறாவது சீசன். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும் நாட்டுப்புறப் பாட்டோடு மேடைக்கு வந்தார்கள். காலை நடைப்பயிற்சி நண்பர்களிடம் நான் சொன்னது நினைவிருக்கலாம். "திருவிழா மேடையில் பாடுற குரல் சார் அது. மெலடிக்கு எப்படி சரிப்படும்?" என்றேன். நான் ரக்‌ஷிதா சுரேஷ் பக்கம். செந்தில் கணேஷ் முதலிடம், ரக்‌ஷிதா இரண்டாமிடம் என்று முடிவு வந்தபோது, பார்க்கை இரண்டு சுற்று சுற்றும்வரை புலம்பினேன்.

அப்புறம் யோசித்தேன். வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு மாதிரிக் கையெழுத்து அட்டை உண்டு. ஒருவர் கையெழுத்தை அவருடைய அட்டையோடுதான் ஒப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அட்டையோடு ஒப்பிட்டால் நல்ல செக்கும் திரும்பிவிடும். திறந்த வெளியில், இரைச்சலுக்கு நடுவே, கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்று வளர்ந்த குரல் செந்தில் கணேஷுடையது. அதை நான் ஸ்டுடியோவில் மைக்குக்குப் பக்கத்தில் நின்று பாடும் குரலோடு ஒப்பிட்டேன். தப்பு என் பக்கம். பிறகு 'சார்லி சாப்ளின் 2' படத்தில் அந்தத் தம்பதி பாடிய 'சின்ன மச்சான்' நம் குடியிருப்பில் எத்தனை பிறந்தநாள் விழாவில் ஓடியது என்று உங்களுக்கே தெரியும். ரக்‌ஷிதா 2022-இல் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தில் 'சொல்' பாடினார். இரண்டு செக்கும் நல்ல செக்தான்.

அதனால் போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியம் 1964-இல் சென்னையில் நடந்த ஒரு பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். இசையமைப்பாளர் கோதண்டபாணி கவனித்தார். 1966-இல் சினிமாவில் பாடவைத்தார். முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்ளாதவர் 'சங்கராபரணம்' படத்துக்காக தேசிய விருது வாங்கினார். போட்டி ஒரு கதவைத் திறக்கும். ஆனால் கதவு திறக்காவிட்டால் வீடே இல்லை என்று ஆகாது.

ஓட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே ஆள் பத்து கணக்கு திறந்தால் வங்கிக்குப் பத்து வாடிக்கையாளர் கிடைத்துவிட மாட்டார்கள். ஓட்டு என்பது பிரியத்தின் கணக்கு. பிரியம் தப்பில்லை. அதைச் சுருதியின் கணக்கில் எழுதக்கூடாது. அவ்வளவுதான்.

இதுவரை பெரியவர்களைப் பற்றிச் சொன்னேன். நம் சோபாவிலிருந்து நாம் சொல்வது அவர்கள் காதுக்குப் போகாது. ஆனால் அதே சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பேரன் பேத்தி காதுக்குப் போகிறது. ஜூனியர் போட்டியைப் பார்த்துக்கொண்டு, "ஐயோ, இந்தக் குட்டி சொதப்பிட்டா" என்று நாம் சிரிக்கும்போது, பக்கத்தில் இருக்கும் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது?

டிவியில் வரும் குழந்தைகளுக்குச் சட்டம் இருக்கிறது. 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் குழந்தையைப் படப்பிடிப்பில் வைத்திருக்கக்கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. விருப்பமில்லாத குழந்தையைப் பங்கேற்க வைக்கக்கூடாது. குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அந்தக் குழந்தை பெயரில் பிக்சட் டெபாசிட்டாகப் போக வேண்டும். மேஜர் ஆன பிறகு குழந்தை எடுத்துக்கொள்ளலாம். வங்கிக்காரன் என்பதால் இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நம் சமுதாயக் கூடத்து மேடையில் பாடும் குழந்தைக்கு இப்படி விதி எதுவும் கிடையாது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு எழுந்து நின்றேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கல் விழாவில் இதே மேடையில் பாட்டுப் போட்டி. நான் ஒரு நடுவர். ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி பாடினாள். அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். பல்லவி நன்றாக வந்தது. சரணத்தில் குரல் எட்டவில்லை, உடைந்தது. சுருதி விலகியது. ஆனாலும் முழுவதும் பாடி முடித்தாள். நான் மைக்கை வாங்கி, டிவி நடுவர் தோரணையில், "பாப்பா, சுருதி ஒரு பஸ்ல போகுது, நீ ஒரு பஸ்ல போற. ரெண்டு பேரும் எந்த ஸ்டாப்புல சந்திப்பீங்க?" என்றேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனதும் அந்த ஜோக்கை மாமியாருக்கும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

நாலு மாதம் கழித்து லிப்டில் அந்தப் பெண்ணின் பாட்டியைப் பார்த்தேன். "பாட்டு கிளாஸ் எப்படிப் போகுதும்மா?" என்று கேட்டேன். "பொங்கலோட நின்னுட்டா சார்" என்றார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. மூன்றாவது மாடி வந்தது, இறங்கிப் போய்விட்டார். நான் என் மாடியில் இறங்க மறந்து மேலே போய்விட்டேன்.

அவர்கள் வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. போனேன். "எல்லார் முன்னாடியும் தாத்தா உன்னைக் கிண்டல் பண்ணினது தப்பும்மா" என்றேன். அவள் அம்மா, "அதெல்லாம் ஒண்ணுமில்ல அங்கிள், காபி சாப்பிடுங்க" என்றார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "எந்த இடத்துல தப்பாச்சு தாத்தா?"

யோசித்துப் பாருங்கள். செக்கைத் திருப்பிவிட்டேன். மெமோ வைக்கவில்லை. அதுவும் கவுண்டரில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி திருப்பினேன். வங்கியில் ஒரு வாடிக்கையாளரிடம் அப்படி நடந்திருந்தால் எனக்கு மெமோ வந்திருக்கும்.

உண்மையில் அவளிடம் பெரிய தப்பே இல்லை. ஆரம்பிக்கும்போதே சுருதியை மேலே எடுத்துவிட்டாள். அதனால் சரணத்தின் உச்சிக்குக் குரல் எட்டவில்லை. அன்றைக்கு மேடையில் சுருதிப் பெட்டி வைக்கவில்லை. ஆரம்ப சுருதியை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்தேன். இதை அவளிடம் சொன்னேன். "அவ்ளோதானா?" என்றாள்.

அதனால் இன்றைக்குச் சில மாற்றங்கள். மார்க் இல்லை, முதலிடம் இரண்டாமிடம் இல்லை. ஒவ்வொரு குழந்தை பாடுவதற்கு முன்பும் சுருதி போட்டு, அதில் ஒரு தடவை "ஸா" பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கும். எங்களில் இரண்டு பேர் கேட்டுவிட்டு ஒரு சீட்டு எழுதுவோம். நன்றாக இருந்தது ஒன்று, அடுத்த தடவை கவனிக்க வேண்டியது ஒன்று. அதை உறையில் போட்டுக் குழந்தையின் கையில் கொடுப்போம். மைக்கில் யாரும் கருத்துச் சொல்ல மாட்டார்கள். நானும்தான். இந்த ஏற்பாடு பிடிக்காத பெற்றோர் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், "போட்டி இல்லேன்னா குழந்தை எப்படி சார் முன்னுக்கு வரும்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதினைந்து வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆகஸ்டில் போட்டி உண்டு, மார்க்கும் உண்டு. ஆனால் அங்கேயும் காரணம் எழுதித்தான் மார்க் போடுவோம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று ராத்திரி வீட்டுக்குப் போய் டிவி போடுவீர்கள். தாராளமாகக் கருத்துச் சொல்லுங்கள், அதில்தான் பாதி ருசி. "நல்லா இல்ல" என்று வாய்க்கு வந்தால், "ஏன்?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கட்டும். பதில் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காபியைக் குடியுங்கள்.

அந்தப் பெண் இன்றைக்குப் பாடவில்லை. கேட்டேன், "இல்ல தாத்தா" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அதோ, ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் சுருதி போட்டுக் கொடுப்பவள் அவள்தான். எந்தக் குழந்தைக்கு எந்தச் சுருதி என்று நேற்று ஒவ்வொருவரையும் பாடச் சொல்லிக் கேட்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறாள். அவள் எழுதியதில் ஒன்றைக்கூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை.

பத்து நிமிஷம் தாண்டிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முதல் குழந்தை வரட்டும்.