வகுப்பறையில் ஒரு கூலிக் கணக்கு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் ஐயா" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் இன்றும் உளர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுத்துவிட்டது. பிரம்பை வைத்த இடத்தில் வேறு எதை வைப்பது?

இவ்வினா பழமையானது. சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியில் ஆண்ட்ரூ பெல் என்பார், மணலில் எழுதிப் பழகும் நம் நாட்டு வழக்கத்தைக் கண்டு மேற்கொண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குப் பாடம் சொல்வித்தார். 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். இலண்டனில் 1798இல் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் அத்தகைய முறையைப் பெருக்கியதோடு, நன்னடத்தைக்குச் சீட்டுகள் வழங்கிப் பரிசுப் பொருளாக மாற்றிக்கொள்ளச் செய்தார். பிரம்படியை வெறுத்த அவரே, குறும்பு செய்தவனைக் கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிட்டார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நானும் எட்டாம் வகுப்பில் சீட்டு முறையை நடத்திப் பார்த்தேன். பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டி முத்திரையிட்டேன். கரும்பலகை துடைக்க இரண்டு, செடிகளுக்கு நீர் வார்க்க மூன்று, வகுப்பைப் பெருக்க ஐந்து. வெள்ளிக்கிழமை மாலை சந்தை. பென்சில், குறிப்பேடு, கதைப் புத்தகம் ஆகியன கிடைக்கும். கூச்சல் குறைந்தது, வீட்டுப்பாடம் ஒழுங்காக வந்தது. நான் பெருமிதம் கொண்டேன்.

இரண்டாம் வாரம் துடைப்பம் எவர் கையில் இருந்தது என்று கவனித்தேன். நம் தெருப் பிள்ளைகள் நால்வர் கையில். ஒருவரும் ஏவவில்லை, குறிப்பேடு வாங்க வீட்டில் காசில்லாதவர் அவர்களே. நான் படித்த பள்ளியில் துடைப்பத்தை என் கையில் கொடுத்தவர் ஆசிரியர். இங்கோ நான் வைத்த விலையே கொடுத்துவிட்டது. அன்று இரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல் பெருக்குவதற்குக் கூலி இல்லை. பதிவேட்டின் வரிசைப்படி அனைவரும் பெருக்க வேண்டும். முதல் நாள் முறை என்னுடையது. ஒரு தந்தை வந்து முறையிட்டார். பதிவேட்டைக் காட்டி அனுப்பினேன்.

அபராதம் அடுத்த பிழை. தாமதமாக வந்தால் இரண்டு சீட்டு என்று வைத்திருந்தேன். தாய் விடியலில் வேலைக்குச் சென்றுவிட, தம்பியை அங்கன்வாடியில் விட்டு வரும் சிறுமி நாள்தோறும் இழந்தாள். கடைசியில் ஒரு மாணவனிடம் ஐந்து வாங்கி ஆறாகத் திருப்பினாள். வட்டி! நம் பாட்டன்மார் பண்ணையில் கண்ட கணக்கு என் வகுப்பறையில் முளைத்துவிட்டது. அபராதத்தையும் கடனையும் ஒழித்தேன். அச்சிறுமியின் தாமதம் இன்றும் தொடர்கிறது. அவளுக்காக முதல் பாடவேளையின் கணக்கை இரண்டாவதற்கு மாற்றியிருக்கிறேன்.

படிப்பதற்கு மட்டும் சீட்டு கொடுப்பதில்லை. விரும்பிப் படம் வரைந்த சிறுவருக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரையச் செய்தபின், அவர்கள் தாமாக வரைவது குறைந்ததை அமெரிக்காவில் லெப்பர் முதலிய மூவர் 1973இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

மீந்த சீட்டுகளும் முத்திரைக் கட்டையும் சங்க அலுவலகத்தில் கொடுத்துள்ளேன். மாலை வகுப்பு நடத்தும் தம்பிகள் பெற்றுக்கொள்ளலாம். பெருக்கும் முறைப்பட்டியலில் தங்கள் பெயரை முதலில் எழுதிக்கொள்க.