கெய்ரோவில் ஓர் இசைமாலை



முப்பத்தோராண்டுக் காலம் "சத்தம் போடாதே" என்று சொல்லிச் சொல்லியே பள்ளியை நடத்தியவன் நான். அந்தப் பழக்கம் ஒரு மாலைப்பொழுதில் அயல்நாட்டார் நடுவே என்னைத் தலைகுனியச் செய்தது. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் புகுகின்றேன்.

2018ஆம் ஆண்டின் குளிர்காலம். கெய்ரோ நகரில் அப்போது பணியாற்றி வந்த என் மகன், அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் பின்புறமுள்ள பைத்துல் ஹர்ராவி என்னும் பழைய மாளிகைக்கு என்னை அழைத்துச் சென்றான். 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம் அது. ஈராக்கியக் கலைஞர் நசீர் ஷம்மா நிறுவிய ஊத் இசைப்பள்ளிக்கு அதுவே இல்லமாக இருந்தது.

ஊத் என்றவுடன் ஊதுகின்ற கருவி என்று எண்ணிவிடாதீர்கள். இது மீட்டுகின்ற கருவி. அரபு மொழியில் அச்சொல்லுக்கு மரம் என்று பொருள். நெடுக்காகப் பிளந்த பேரிக்காயைப் போன்ற வடிவம். மெல்லிய மரப்பட்டிகளை வளைத்து ஒட்டிய குடம். பின்னோக்கி மடங்கிய தலை. பெரும்பாலும் பதினொரு தந்திகள். அவற்றுள் பத்து இணையிணையாக அமைய, ஒன்று மட்டும் தனித்து நிற்கும். முற்காலத்தில் கழுகின் இறகினால் மீட்டினர். இக்கருவி ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவிற்குச் சென்றபோது, 'அல்ஊத்' என்ற பெயரே திரிந்து 'லூட்' ஆயிற்று.

நம் வீணைக்கு இருபத்துநான்கு மெட்டுகள் உண்டு. ஊத்திற்கு ஒன்றேனும் இல்லை. விரல் எங்கே நிற்கவேண்டும் என்பதைச் செவிதான் சொல்லவேண்டும். 'ராஸ்த்' என்னும் மகாமில் வரும் மூன்றாவது சுரம், நம் சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடைப்பட்டது. முதலில் கேட்டபோது சுருதி பிசகிவிட்டதோ என்று என் செவி ஐயுற்றது. கால் நாழிகை சென்றபின், அந்தச் சுரம் அங்கேதான் இருக்கவேண்டும் என்று அதே செவி ஒப்புக்கொண்டது.

வாசித்தவர் முதியவர். தாளமின்றி, நம் ஆலாபனையைப் போல் மகாமை விரித்துக்கொண்டு போனார். அதனைத் தக்சீம் என்பர். ஓரிடத்தில் அவர் இறங்கி வந்து நின்றதும், என் அருகிலிருந்த மனிதர் "அல்லாஹ்!" என்று உரக்கக் கூவினார். சிறிது நேரத்தில் மீண்டும் கூவினார். என்னை அறியாமலே திரும்பி, உதட்டின்மேல் விரலை வைத்தேன். நரைத்த தலைக்கு மதிப்பளித்துப் போலும், அவர் வாய்மூடிக்கொண்டார்.

என் மகன் காதருகே குனிந்து, "அப்பா, இங்கே குரல் கொடுக்காமல் இருப்பதுதான் அவமதிப்பு. கேட்பவர் உருகினால்தான் வாசிப்பவருக்கு மேலும் ஓடும்" என்றான். அவ்வுருக்கத்திற்கு அரபியர் 'தரப்' என்று பெயரிட்டிருக்கின்றனர். 1975இல் மறைந்த உம்மு குல்தூம் அம்மையாரின் மேடைப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். ஓர் அடி முடியுமுன் அரங்கமே ஆர்ப்பரிப்பதும், அவர் அதே அடியை வேறுவிதமாகத் திருப்பிப் பாடுவதும் கேட்கும்.

எனக்கு நினைவு வந்தது வேறொரு குரல். பல்லாண்டுகளுக்கு முன், எம் பள்ளி இலக்கிய மன்ற விழாவில் ஒருவர் பாடும்போது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் "ஆகா!" என்று கத்திவிட்டான். அவனைத் தாழ்வாரத்தில் நிறுத்தினேன். நன்றாகப் பாடக்கூடிய பையன். அதன்பின் அவன் எம் பள்ளி மேடையில் பாடவே இல்லை. அன்று அதனை நான் கவனிக்கவுமில்லை.

இடைவேளைக்குப் பின் முன்ஷித் எனப்படும் சூஃபிப் பாடகர் வந்தார். நேய் என்னும் நாணற்குழலும் தப்பும் துணைநின்றன. அவர் எடுத்துக்கொண்டது, 1235இல் கெய்ரோவில் மறைந்து முகத்தம் குன்றின் அடிவாரத்தில் துயிலும் இப்னுல் ஃபாரித் என்னும் ஞானியின் பாடல். இறைவனைக் காதலியாகக் கண்டு பாடியவர் அவர். இத்தகைய பாடல்கள் ஞானியரின் விழாக்களில், தெருக்கூடாரங்களில் விடிய விடிய ஒலிப்பவை. மக்கள் நின்று அசைந்தபடியே இறைநாமம் சொல்வர். நாற்காலியில் அமர்ந்து கேட்பது பாதிக் கேள்விதான் என்பேன்.

பாடகர் ஓரடியை ஐந்தாறு முறை திருப்பினார். அருகிலிருந்தவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்து அடக்கிக்கொண்டிருந்தார். என் மகன் வாயிலாக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நெஞ்சின்மேல் கைவைத்துச் சிரித்தார். அடுத்த கணமே கூவினார்.

வெளியே வந்ததும் எங்களை விடாமல் தேநீர்க்கடைக்கு இழுத்துச் சென்றார். உங்கள் நாட்டில் நல்ல பாட்டைக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று வினவினார். "ஆகா" என்றேன். அவர் அதைத் தாமும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, தேநீர்க் கிண்ணத்தை என்பக்கம் நகர்த்தினார்.