தேதி, திதி, சிரத்தை

(கிளையின் வருடாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் இதழில் ஒவ்வொரு காலாண்டிலும் விரத தினங்கள், பண்டிகைகள், முக்கிய நாட்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. அதைத் தொகுத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. ஆகவே "நாட்கள்" என்ற தலைப்பில் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். பத்து என்பது பதினைந்தானால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் ஒரே மனிதருக்கு மூன்று விதமான நாட்கள் உண்டு. பிறந்த நாளுக்கு மாதமும் நட்சத்திரமும். ஆயுஷ்யஹோமம், சஷ்டியப்தபூர்த்தி எல்லாம் அதை வைத்துத்தான். மறைந்த நாளுக்கு மாதம், பட்சம், திதி. பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இங்கிலீஷ் தேதி. சந்திரன் சூரியனிடமிருந்து 12 பாகை விலகும் நேரம் ஒரு திதி. அப்படி முப்பது சேர்ந்தால் ஒரு சாந்திரமான மாதம். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் சுமார் 354 நாள். சூரியனின் வருஷமோ 365 நாளும் சொச்சமும். அதனால்தான் திதி இங்கிலீஷ் காலண்டரில் ஓரிடத்தில் நிற்பதில்லை. "போன வருஷம் பதினெட்டாம் தேதி வந்ததே, இந்த வருஷம் ஏன் ஏழாம் தேதி?" என்று குழந்தைகள் கேட்டால் இதைச் சொல்லலாம்.

நாம் நம் ஊரை விட்டு வந்தவர்கள். ஏப்ரல் 14 நமக்கு வருஷப் பிறப்பு. புனேயிலும் மும்பையிலும் அக்கம்பக்கத்தார் அதற்கு முன்பே குடி பாட்வா முடித்திருப்பார்கள். கொல்கத்தாவில் பொய்லா பொய்ஷாக் பெரும்பாலும் அடுத்த நாள். சுதந்திரம் வந்தபோது நாட்டில் ஏறக்குறைய முப்பது விதமான பஞ்சாங்கங்கள் வழக்கில் இருந்தன. இதை ஒழுங்குபடுத்த 1952ல் விஞ்ஞானி மேகநாத் சாஹா தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவின் சிபாரிசுப்படி 1957 மார்ச் 22ஆம் தேதி, சக வருஷம் 1879 சைத்ர மாதம் முதல் நாளாக, தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் இன்றும் அந்தத் தேதியைப் பார்க்கலாம். வீட்டில் யாரும் அதைப் பார்த்து நாள் குறிப்பதில்லை. சட்டத்தால் ஒரு தேதியை அச்சிட முடியும். மனதில் பதிய வைக்க முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

இதே கதிதான் தேசிய தினங்கள் பலவற்றுக்கும். ஜூன் 29 மஹலனோபிஸ் நினைவாகப் புள்ளியியல் தினம். ஜூலை 1 டாக்டர் பி.சி.ராய் பிறந்த நாள், மறைந்த நாளும் அதுவே, மருத்துவர் தினம். ஆகஸ்ட் 29 தியான் சந்த் பிறந்த விளையாட்டு தினம். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியான 1962லிருந்து கொண்டாடப்படுவது. செப்டம்பர் 15 விஸ்வேஸ்வரய்யா பிறந்த பொறியாளர் தினம். நவம்பர் 11 மௌலானா ஆஸாத் பிறந்த கல்வி தினம். அன்று ஒரு மாலை, ஒரு பேச்சு, ஒரு பேச்சுப் போட்டி. மறுநாள் மறந்துவிடுகிறோம்.

சிராத்தம் என்ற சொல் சிரத்தை என்பதிலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிரத்தையோடு செய்வதால் சிராத்தம். அன்று நாம் பிதுர்க்களைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. அவர்களை உத்தேசித்து இன்னொருவருக்கு இலை போடுகிறோம். நாள் என்பது நினைப்பதற்கு மட்டும் அல்ல, கொடுப்பதற்கு என்ற கருத்து நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தேசிய தினங்களுக்கும் அதையே பொருத்திப் பார்க்கலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. நமக்கு நெருக்கமான மூன்று நாட்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். 1987லிருந்து கொண்டாடி வருகிறார்கள். இது ஸர் சி.வி.ராமன் பிறந்த நாள் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் திருவானைக்காவலில் பிறந்தது 1888 நவம்பர் 7. நோபல் பரிசு வாங்கிய நாளும் இது அல்ல. அது 1930 டிசம்பர். 1928 பிப்ரவரி 28 என்பது ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். கூட இருந்து உழைத்தவர் கே.எஸ்.கிருஷ்ணன். ஒரு மனிதர் பிறந்த நாளை விட்டுவிட்டு அவர் வேலை பலித்த நாளைத் தேர்ந்தெடுத்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த வேலை எங்கே நடந்தது? கல்கத்தாவில், பௌபஜார் தெருவில். 1907ல் பதினெட்டு வயதில் நிதித்துறை அதிகாரியாக அங்கே போனார் ராமன். நம்மில் பலரைப் போலத்தான். உத்தியோக நிமித்தம் ஊர் மாறினவர். அங்கே மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்காளி டாக்டர் 1876லேயே நன்கொடை திரட்டி ஒரு விஞ்ஞானச் சங்கத்தை நிறுவியிருந்தார். ராமன் போனபோது சர்க்கார் உயிரோடு இல்லை. அவருடைய பிள்ளை அமிர்தலால், முன்பின் தெரியாத இந்தத் தென்னாட்டு இளைஞருக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டார். ஆபீசுக்கு முன்னும் பின்னும் ராமன் அங்கேதான் இருந்தார். 1917ல் ஸர் ஆசுதோஷ் முகர்ஜி அவரை அழைத்துப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி கொடுத்தார். சம்பளம் குறைவு என்றாலும் ராமன் ஏற்றுக்கொண்டார். வங்காளிகள் கதவைத் திறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நமக்குப் பெருமை கிடைத்தது.

இரண்டாவது ஆகஸ்ட் 12, நூலகர் தினம். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுவது. இவர் மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சில நாட்களிலேயே அலுத்துப்போய், பழைய வேலையே போதும் என்று திரும்பப் போனாராம். "லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம்" என்ற மாதிரி சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அங்கே பெர்விக் சேயர்ஸ் என்ற நூலகர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது, சில துண்டுகளைக் கொண்டே பல உருவங்கள் செய்யலாம் என்பதிலிருந்து, புத்தகங்களை வகைப்படுத்தும் கோலன் முறை அவர் மனதில் உருவாயிற்று.

திரும்பி வந்தவர் பல்கலைக்கழகக் கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. 1931ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தார். கிராமத்தானுக்குப் புத்தகம் அவன் வாசலுக்கே போனது. அந்த வண்டியை வடிவமைத்தவர் கனகசபைப் பிள்ளை. 1948ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்குப் பின்னால் ரங்கநாதனின் பல வருஷ உழைப்பு இருந்தது. காசி, தில்லி, பெங்களூர் என்று எங்கே போனாலும் அந்த ஊருக்கு ஏதாவது செய்தார். தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார்.

மூன்றாவது டிசம்பர் 22. ராமானுஜன் 1887ல் ஈரோட்டில் பிறந்த நாள். ஜாதகப்படி ஸர்வஜித் வருஷம், மார்கழி 9, உத்திரட்டாதி. அவருடைய 125ஆம் ஆண்டை ஒட்டி இது தேசியக் கணித தினமாக அறிவிக்கப்பட்டது. 2012 கணித ஆண்டாகவும் கொண்டாடப்பட்டது. "நம்மவர்" என்று நாம் அதிகம் சொல்லிக்கொள்வதும் இவரைத்தான். அதனால் இவரைப் பற்றிச் சற்று மனம் விட்டுப் பேச வேண்டும்.

ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் இங்கிலீஷில் தவறி ஸ்காலர்ஷிப்பை இழந்தார். சென்னைக்குப் போய்ப் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். 1910ல் திருக்கோயிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமஸ்வாமி ஐயரிடம் போய் நின்றார். கணிதச் சங்கத்தை நிறுவியவர் அவர். நோட்டைப் பார்த்தவர், சென்னையில் உள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தார். சேஷு ஐயர் மூலம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தது விஷயம். அவர் மாதம் 25 ரூபாய் அனுப்பினார். பிறகு துறைமுக ஆபீசில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா. அங்கே நாராயண ஐயர் கூட உட்கார்ந்து கணக்குப் போட்டார். தலைவர் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரித்தார். 1913ல் கேம்பிரிட்ஜில் ஹார்டி அந்தக் கடிதத்தைப் பிரித்தார். இதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் டிசம்பர் 22 இன்று வெறும் ஒரு தேதியாக இருந்திருக்கும்.

இனி மறுபக்கம். 1919ல் நோயோடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. சமுத்திரம் தாண்டிப் போனவர் என்பதால் வைதிகமான உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்று, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் கனிகல் குறிப்பிடுகிறார். மனைவி ஜானகி அம்மாளுக்கு அப்போது 21 வயது. சில வருஷம் பம்பாயில் இருந்தார், தையல் கற்றுக்கொண்டார். பிறகு திருவல்லிக்கேணியில், சொற்பப் பென்ஷனோடு தையல் மிஷினையும் நம்பி வாழ்ந்தார். ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, வரவில்லையே என்று அவர் வருந்தியது பத்திரிகையில் வந்தது. அதைக் கேள்விப்பட்டு, ரிச்சர்ட் ஆஸ்கி என்ற அமெரிக்கக் கணித அறிஞர் உலகெங்கும் உள்ள கணித அறிஞர்களிடம் பணம் திரட்டி, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியிடம் மார்பளவுச் சிலை செய்வித்தார். ஜானகி அம்மாள் 1994 ஏப்ரல் 13ஆம் தேதி காலமானார்.

இதை யாரையும் குறை சொல்லச் சொல்லவில்லை. ராமஸ்வாமி ஐயரும் நம்மவர்தான், சடங்குக்கு வராத உறவினர்களும் நம்மவர்கள்தான். அதே சமூகத்தில் இரண்டு விதமும் இருந்தது. நாம் எந்த வழியில் வந்தவர்கள் என்பதை நாம் செய்கிற காரியம்தான் தீர்மானிக்க வேண்டும். மூவர் கதையிலும் பொதுவான ஒன்றையும் கவனியுங்கள். வங்காளி, வெள்ளைக்காரர், பிள்ளை, செட்டியார், அமெரிக்கர் என்று, ஜாதியும் ஊரும் பாஷையும் வேறான மனிதர்கள் முன்வந்திருக்கிறார்கள். ஆக அவர்களுடைய நாளைக் கொண்டாடி "நம்மவர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், பாதிக் கதையை மறைத்ததாகும்.

ஆகவே மூன்று யோசனைகள். பிப்ரவரி 28 அன்றோ அதை ஒட்டியோ பல ஆய்வு நிலையங்கள் பொதுமக்களை உள்ளே விடுகின்றன. புனே பக்கத்தில் கோடாடில் உள்ள ராட்சத ரேடியோ தொலைநோக்கியைக் கூட அப்படிப் பார்க்கலாம். அந்தந்தக் கிளை தன் ஊரில் விசாரித்து ஒரு வண்டி ஏற்பாடு செய்யட்டும். நம் குழந்தைகளோடு நம் வீட்டில் வேலை செய்பவரின் குழந்தையும், காவலாளியின் குழந்தையும் அதில் ஏறட்டும்.

ஆகஸ்ட் 12க்கு, நம் அலமாரிகளில் கண்ணாடிக்குப் பின்னால் தூங்கும் புத்தகங்களை வெளியே எடுப்போம். தமிழ்ப் புத்தகம் கிடைக்காமல் தவிப்பவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஒரு பெட்டி, ஒரு பதிவு நோட்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போதும். உள்ளூர் பாஷைப் புத்தகங்களும் அதில் இருக்க வேண்டும்.

டிசம்பர் 22க்கு, முதல் மார்க் வாங்கினவர்களுக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கூடவே, கணக்கில் கெட்டிக்காரராக இருந்தும் வேறு பாடத்தில் தவறிய ஒரு மாணவரையோ மாணவியையோ ஒவ்வொரு கிளையும் தேடிப் பிடிக்கட்டும். ராமானுஜன் இன்று நம் விண்ணப்பப் படிவத்தை நிரப்பினால், மதிப்பெண் பட்டியலைப் பார்த்து நாமே திருப்பி அனுப்பியிருப்போம். அந்தப் பிள்ளை நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம். நம்மை வாழவைத்த இந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தால் போதும். சிரத்தை உண்டானால் திதியும் தேதியும் அதன்பின் தானாக நினைவுக்கு வரும்.

அடுத்த இதழில் என் பட்டியலோடு, எந்தக் கிளை எந்த நாளில் என்ன செய்தது என்று ஒரு பத்தியும் சேர்க்க ஆசை. செயலாளர்கள் எழுதி அனுப்ப வேண்டுகிறேன்.